கட்டிலுக்கடியில் கேட்ட கிட்டார்

தூத்துக்குடியில் பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களை வாங்கி விற்கிற கஸ்பாரின் கடையில், ஏரலிலிருந்து வந்த பாட்டுக்குழுக்காரர் ஒருவர் ஒரு நாள் காலையில் சுவரில் தொங்கிய சிவப்புக் கிட்டாரை இறக்கி, ஆம்ப் பெட்டியில் சொருகி, கம்பிகளை ஓங்கி ஒரு மீட்டு மீட்டினார், சத்தம் வரவில்லை. வராமல் எங்கே போனது என்றால், ரயில்வே கேட்டைத் தாண்டி, மீன் ஏலக்கூடத்தைத் தாண்டி, ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற சங்குக்காரத் தெருவுக்குப் போய், அந்தக் கிட்டாரை விற்ற ரெஜிஸ் அண்ணாச்சியின் வீட்டுக் கட்டிலுக்கடியில், அது பல வருஷம் பெட்டிக்குள் படுத்துக்கிடந்த அதே இடத்திலிருந்து, கணீரென்று கேட்டது. கட்டிலுக்கடியில் அப்போது ஒரு சாக்கு வெங்காயமும் ஒரு ஜோடி பழைய செருப்பும்தான் இருந்தன.

ரெஜிஸின் மனைவி பிலோமி அடுக்களையில் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்து, கையைக் கழுவிக்கொண்டு கஸ்பாருக்கு போன் போட்டாள்.

"கஸ்பாரு, நான் ரெஜிஸ் வீட்டுலேருந்து பேசுதேன். அவரு கிட்டார உங்க கடையில யாரும் வாசிக்காங்களா?"

"ஆமா மயினி. சத்தம்தான் வரமாட்டேங்கு."

"சத்தம் இங்க வருது. கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லுங்க, அவரு இப்பதான் கண்ணசந்திருக்காரு."

கஸ்பார் சரி மயினி என்று சொல்லி ஆம்ப்பில் சத்தத்தைக் குறைத்தான். ஏரல்காரர் இன்னும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, எங்கேயோ கேட்கிற கிட்டாரை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கோயிலில் வாசிப்பது என்று நியாயமாகக் கேட்டு, பக்கத்தில் தொங்கிய கறுப்புக் கிட்டாரை வாங்கிக்கொண்டு போனார். உலகத்தில் எது எதுவோ நடக்கிறது, ஒரு கிட்டாருக்குத் தன் வீட்டு ஞாபகம் இருந்தால் அதில் என்ன வந்துவிட்டது என்றுதான் கஸ்பாரும் நினைத்தான், ஆனாலும் அவன் அன்றைக்கு முழுக்கச் சங்குக்காரத் தெருப்பக்கம் தலை காட்டவில்லை. அது எதனால் என்று சொல்ல வேண்டுமென்றால் அவன் தொழில் பண்ணுகிற லட்சணத்தைச் சொல்ல வேண்டும்.

கஸ்பார் கடையில் இரண்டு வயர் உண்டு. ஒன்று வாங்குகிற வயர், மற்றது விற்கிற வயர். யாராவது கிட்டாரை விற்க வந்தால் கடையின் இடது மூலையில் உட்கார வைத்து, டீ சொல்லி, குடும்பம் குட்டி எல்லாம் விசாரித்துவிட்டு, வாங்குகிற வயரை எடுத்துச் சொருகுவான். அந்த வயருக்கு உள்ளே ஈயப்பற்று விட்டுப்போனது அவனுக்கு மட்டும் தெரியும், ஒரு விரல் அசைத்தாலும் கரகரவென்று கடையே இரையும். உடனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சத்தம் பிடிக்கிற பிக்கப் போயிடுச்சே, உள்ளே எல்லாம் மாத்தணுமே, மறுவிலைக்கே போகாதே என்று துட்டி வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவன்போல அவன் பேசுவதைக் கேட்டால், விற்க வந்தவரே இரக்கப்பட்டு விலையைப் பாதியாக்கிவிடுவார். வாங்கின சாமானை உடனே சுவரில் மாட்ட மாட்டான். விற்றவர் தெருவில் போகும்போது கண்ணில் பட்டு மனசு உறுத்தக் கூடாதென்று சில மாதம் உள்ளறையில் தூங்கவைத்து, அப்புறம் துடைத்து மாட்டி, வலது மூலையில் விற்கிற வயரில் சொருகிக் காட்டுவான். விற்கிற வயர் வெளிநாட்டுச் சாமான், அதில் சொருகினால் விளக்குமாறு கூடச் சுதியோடு பாடும். இதை அவன் ஏமாற்று என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, வியாபாரம் என்றுதான் நினைத்திருந்தான்.

ரெஜிஸ் அண்ணாச்சி விற்க வந்தது அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு. மாதா கோயில் பாட்டுக்குழுவிலும் ஊர்க் கச்சேரிகளிலும் அவர் லீட் வாசிக்காத வருஷம் கிடையாது, அந்தச் சிவப்புக் கிட்டாரைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரன் ஒருவனிடம் கல்யாணத்துக்கு முந்தி வாங்கியவர், அதை விற்றது மகளின் நர்ஸிங் படிப்புக்காக. வாங்குகிற வயரில் அது கரகரத்ததும் மனுஷன் நெற்றியைச் சுருக்கினார்.

"என்னடே இது? நேத்து வீட்டுல வாசிச்சேன், சுத்தமா கேட்டுச்சே."

அங்கேதான் கஸ்பார் வழக்கத்துக்கு மேலே ஒரு வார்த்தை போட்டான். எத்தனையோ பேர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள், வழியில் ஆடிப்போயிருக்கும் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறான், ஆனால் அன்றைக்கு இருந்த அவசரத்தில், நாக்கில் சனியன் உட்கார்ந்த மாதிரி, "வீட்டுல உங்களுக்குக் கேட்டிருக்காது அண்ணாச்சி. இது ரொம்ப நாளாவே இருக்கிற கரகரப்பு. வயசாயிட்டா இந்த மேல்சத்தமெல்லாம் காதுல விழாதுல்லா" என்றான். ரெஜிஸ் கையிலிருந்த கிட்டாரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு, கொடுத்ததை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

இப்போது அந்தக் கிட்டார் அவர் வீட்டிலேயே போய்ச் சுத்தமாகக் கேட்கிறது. அவன் எந்த முகத்தோடு அந்தத் தெருவுக்குப் போவான்?

சங்குக்காரத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அந்தத் தெரு எதற்கும் அசராத தெரு. முதல் நாள் ஆளாளுக்கு வந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார்கள், வெங்காயம் என்ன விலைக்கு வாங்கினது என்று பிலோமியிடம் கேட்டார்கள். மறுநாள் நாற்காலியோடு வந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் வேர்க்கடலைக்காரர் தன் வண்டியைத் தெருமுனையிலிருந்து ரெஜிஸ் வீட்டு வாசலுக்கு மாற்றிக்கொண்டார். எதிர்வீட்டு விர்ஜீனியாவின் புருஷனுக்குத் துறைமுகத்தில் ராத்திரி வேலை, பகலில் தூங்க வேண்டும், ஆகவே மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் தாழும்வரைக்கும் யாரும் வாசிக்கக் கூடாதென்று தெருவில் பேசி முடித்து, ஆள் விட்டுக் கஸ்பாரிடம் சொல்லி அனுப்பினார்கள். பங்குச்சாமியார் ஞானதிக்கத்தை அழைத்துவந்து இது நல்லதா கெட்டதா என்று கேட்டதற்கு அவர் கட்டிலருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, சுதி சரியாகத்தானே இருக்கிறது, ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் மட்டும் சினிமாப் பாட்டு வேண்டாம் என்றார். மின்வாரியத்து ஆள் ஒருவர் மீட்டரைப் பார்த்தார், அது ஓடவில்லை, ஓடாத மீட்டருக்கு நான் என்ன எழுத என்று போய்விட்டார். வீட்டுச் சொந்தக்காரர் வந்து, பாட்டு வசதியோடு இருக்கிற வீட்டுக்கு வாடகை கூட வேண்டுமே என்று இழுத்தபோதுதான் தெரு கோபப்பட்டது, அவர் பேச்சை மாற்றிக்கொண்டு கடலை வாங்கித் தின்றார்.

கஸ்பார் கடையிலும் கூட்டம் சேர்ந்தது. சங்குக்காரத் தெருவுக்குச் சேதி சொல்ல வேண்டியவர்கள், நேரில் போக முகமில்லாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். அண்ணனோடு பேச்சுவார்த்தை அறுந்துபோன ஒரு தம்பி வந்து, சின்ன வயசில் இருவரும் சேர்ந்து பாடிய பாட்டைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டு, தான் வாசித்தது தனக்கே கேட்காமல், அண்ணன் கேட்டானா என்று தெரியாமல், பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் சைக்கிளில் வந்து, வாடே சாப்பிடலாம் என்று கூட்டிக்கொண்டு போனான். கல்யாணம் பேசிமுடித்த பையன்கள் வந்தார்கள், பேசாமலே ஆசை வைத்திருந்த பையன்களும் வந்தார்கள், தெருப்பெண்கள் வாசிப்பை வைத்தே யார் எவர் என்று கண்டுபிடித்து, இவன் தாளம் நிற்கவில்லை, இவன் குடும்பம் நடத்த மாட்டான் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

இதெல்லாம் நல்லதுதானே, இதில் கஸ்பாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டம் ரெஜிஸ் ரூபத்தில் வந்தது. அவர் ஒரு நாள் சாயங்காலம் கையில் மக்ரூன் பொட்டலத்தோடு கடைக்கு வந்து, அதைக் கஸ்பார் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"நல்லா சரி பண்ணிட்ட டே. எனக்குச் சுத்தமாத்தான் கேக்குது, ஆனா என் காத நான் நம்புறதில்ல பாத்தியா, அதனால தெருவுல ஒவ்வொருத்தரா கேட்டேன். துளி கரகரப்பு இல்லங்காங்க. செத்த சாமானுக்கு உசுரு குடுத்திருக்க. என்ன செலவாச்சுன்னு சொல்லு, அத நான் தந்துருதேன்."

கஸ்பார் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். ஒண்ணும் செலவில்ல அண்ணாச்சி என்று ஏதோ முணுமுணுத்தான். மக்ரூனைப் பிரித்து ஒன்றை அவர் கண்முன்னாலேயே தின்ன வேண்டியிருந்தது, முந்திரியும் சீனியும் மண்ணாகத்தான் ருசித்தன. அவர் அதோடு விட்டாரா? கோயிலில் சொன்னார், மீன் கடையில் சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னார், கஸ்பாரைப் போல நேர்மையான தொழில்காரன் இந்தக் கடற்கரையில் கிடையாது, விற்ற பிறகும் நம்ம சாமானைப் பிள்ளை மாதிரிப் பார்க்கிறான் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். திருச்செந்தூரிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் ஆட்கள் பழைய கிட்டார்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், வேறு கடையில் நல்ல விலை சொன்னாலும் வேண்டாம், கஸ்பார் கையில்தான் கொடுப்போம் என்றார்கள். இடது மூலையில் உட்கார வைத்து, டீ சொல்லி, பழக்கத்தில் வாங்குகிற வயருக்குக் கையை நீட்டுவான். கை பாதியில் நின்றுவிடும். உட்கார்ந்திருக்கிறவர் ரெஜிஸ் மாதிரியே சிரிப்பார். கஸ்பார் எழுந்து போய் விற்கிற வயரை எடுத்துவந்து சொருகி, உள்ளபடி விலை சொல்லி வாங்குவான், அதற்கும் அவனையே புகழ்ந்துவிட்டுப் போவார்கள். திட்டினால் கூடத் தாங்கிவிடலாம், இந்தப் புகழ்ச்சி அவனை ராத்திரி சாப்பிட விடவில்லை. நான் அயோக்கியப்பயல் என்று யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது, யாரிடம் சொன்னாலும் அது கடைசியில் ரெஜிஸிடம் போய்ச் சேரும் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள் துணிந்து போனான். பிலோமி வாசலிலேயே நிறுத்தி, "வேண்டாம் கஸ்பாரு, சும்மா வாங்க மாட்டாரு. வித்தது வித்ததுதாம்பாரு. கேட்டா நீங்க பரிதாபப்பட்டுத் தாரீங்கன்னு மனசு நொந்துருவாரு" என்றாள். அப்படியே திரும்பினான்.

அந்த நேரம் பார்த்து நிக்கோலாஸ் வந்து சேர்ந்தான். கப்பலில் வேலை பார்க்கிறவன், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் சங்குக்காரத் தெருவில் ரெஜிஸ் வீட்டுக்கு அடுத்த வீடு. இந்தக் கிட்டாரை வாங்கிக் கப்பலில் வைத்துக்கொண்டால், நடுக்கடலில் எங்கே இருந்தாலும் சாயங்காலம் ஒரு பாட்டு வாசித்தால் வீட்டில் கேட்குமே என்பது அவன் கணக்கு. அவன் சொன்ன விலைக்குப் புதுக் கிட்டார்களே ஒரு வரிசை வாங்கலாம். பழைய கிட்டார் ஒன்று இத்தனை விலைக்குப் போனதாக இந்தத் தொழிலில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கஸ்பாருக்குப் பணத்தைவிட வேறொரு ஆசை வந்தது. கிட்டார் கப்பலேறிவிட்டால் தினம் அதன் முகத்தில் விழிக்க வேண்டாம், எல்லாம் தன்னால் ஓய்ந்துவிடும் என்று நினைத்து, தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். ஆனாலும் ரெஜிஸைக் கேட்காமல் விற்க மனசு கேட்கவில்லை, ஆள் விட்டு அவரை வரச் சொன்னான்.

ரெஜிஸ் வந்து விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

"தாராளமா குடுடே. நல்ல விலை. நீ உழைச்சதுக்கு உனக்குக் கிடைக்கட்டும்."

"அண்ணாச்சி, போறதுக்கு முந்தி நீங்க ஒரு தடவ வாசிங்களேன்" என்றான் கஸ்பார். எதையாவது அவருக்குத் தர வேண்டும்போல இருந்தது. "மயினி வீட்டுல கேப்பாங்கல்லா."

ரெஜிஸ் தலையை ஆட்டினார். "நான் வாசிக்கிறத விட்டுட்டேன் டே. உனக்குத் தெரியாதா?"

"கிட்டார் இல்லன்னா, கோயில்ல வேற குடுத்திருப்பாங்களே."

"குடுத்தாங்க. நாந்தான் மாட்டேன்னுட்டேன். அன்னைக்கு நீ சொன்ன பொறவு யோசிச்சுப் பாத்தேன். எத்தன பூசையில, எத்தன கல்யாணத்துல அந்தக் கரகரப்போட வாசிச்சிருக்கேன். எனக்குக் கேக்கல. ஊருக்கே கேட்டிருக்கும். மரியாதைக்காக ஒருத்தரும் சொல்லல. நெனைக்க நெனைக்க வெட்கமாப் போச்சு." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், வெளியே போகிற லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆர்கன் வாசிப்பானே லியோன், அவன ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தப்ப ஆள் விட்டான். ரெஜிஸ வரச் சொல்லு, கிட்டார் எடுத்துட்டு வரச் சொல்லு, நாங்க எப்பவும் வாசிக்கிற அந்த மாதா பாட்ட ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன்னு. அவன் சுதி சுத்தமான ஆளு. சாகக் கெடக்கிறவன் காதுல தப்பா வாசிச்சு வைக்கவான்னு நான் போகல. ரெண்டு தடவ ஆள் விட்டான். பொறவு அடக்கத்துக்குத்தான் போனேன்."

கஸ்பார் ஆம்ப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான்: கிட்டார் கெடவில்லை, எதையும் சரி பண்ணவில்லை, ஒரு ஸ்க்ரூவைக் கூடத் தொடவில்லை, கெட்டது வயர், அதைத் தெரிந்தே சொருகினது, எல்லோருக்கும் சொருகினது, காது விஷயம் விலைக்காக வாயில் வந்த பொய். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சொல்லி முடித்த பிறகும் பார்க்கத் தைரியம் வரவில்லை. அடிக்கட்டும், காறித் துப்பட்டும், ஊரைக் கூட்டட்டும் என்று காத்திருந்தான்.

ரெஜிஸ் தெருவிலிருந்து கண்ணைத் திருப்பினார்.

"அப்போ என் காது நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி."

"லியோன் கூப்பிட்டப்பவும்?"

கஸ்பார் சுவரிலிருந்து சிவப்புக் கிட்டாரை இறக்கி இரண்டு கையாலும் நீட்டினான், கொண்டு போங்க அண்ணாச்சி, உங்க காலில் விழுகிறேன் என்றான். அவர் அதைத் தொடவில்லை. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"நிக்கோலாசுக்கு விக்காத. யாருக்கும் விக்காத. அந்த மாதா பாட்ட தினம் நீ வாசி."

"எனக்கு வாசிக்கத் தெரியாது அண்ணாச்சி. டெஸ்ட் பண்ணுற அளவுக்கு நாலு கார்ட் தெரியும், அவ்வளவுதான்."

"தெரியும். நீ தப்பாத்தான் வாசிப்ப. எங்க தப்புன்னு என் காதுக்குத் தெரியுதான்னு நான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ரெஜிஸ் படியிறங்கிப் போனார்.

மறுநாள் சாயங்காலம் விர்ஜீனியாவின் புருஷன் எழுந்திருக்கிற நேரம் பார்த்து, கஸ்பார் கடையில் தனியாக உட்கார்ந்து அந்தப் பாட்டை வாசித்தான். விரல் எங்கே போகிறது, பாட்டு எங்கே போகிறது ஒன்றும் தெரியவில்லை, கம்பி அதிர்கிறது, காதில் ஒன்றுமில்லை. சங்குக்காரத் தெருவில் நாற்காலியோடு வந்தவர்கள் இது யார் இப்படிக் கொலை பண்ணுவது என்று கேட்டிருப்பார்கள், சிலர் எழுந்து போயிருப்பார்கள், வேர்க்கடலை விற்றிருக்காது. நிக்கோலாஸ் அதற்கு முன்பே வந்து, கொடுத்த வாக்கை மாற்றுகிறாயே என்று கத்திவிட்டுக் கப்பலுக்குப் போயிருந்தான். கஸ்பார் வேர்த்து வழிந்து பாட்டின் கடைசிவரை போய்ச் சேர்ந்தபோது போன் அடித்தது. ரெஜிஸ் அண்ணாச்சிதான்.

"ரெண்டாவது வரியில ஒரு கட்டை தள்ளிப் பிடிச்ச."

"சரி அண்ணாச்சி."

"பொறவு, மூணாவது கம்பி எறங்கிக் கெடக்கு. கொஞ்சூண்டு. எறங்கியிருக்குல்லா?"

அவர் குரல் நடுங்கியது. அப்படி ஒருவரின் குரல் நடுங்கி, அதற்குத் தான் பதில் சொல்ல வேண்டிய நிலைமை தனக்கு வரும் என்று கஸ்பார் நினைத்துப் பார்த்ததே இல்லை. சுதி பார்க்கிற டியூனரை எடுத்துக் கிட்டாரின் தலையில் மாட்டி மூன்றாவது கம்பியைத் தட்டினான், முள் நடுவுக்கு இந்தப் பக்கம் ஒரு மயிரிழை தள்ளி நின்றது, சாதாரணக் காது எதுவும் பிடிக்க முடியாத அளவு. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரியாச் சொன்னீங்க அண்ணாச்சி. எறங்கித்தான் இருக்கு. சத்தியமா எறங்கியிருக்கு."

அந்தப் பக்கமிருந்து தெருச் சத்தமும் யாரோ பிள்ளையைக் கூப்பிடுகிற சத்தமும் மட்டும் கேட்டன. பிறகு ரெஜிஸ் அண்ணாச்சி, கோபமே இல்லாமல், ஒரு உதவி கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"நீ சொன்னா நான் எப்படி டே நம்புறது? பக்கத்துக் கடையில யாரும் இருந்தா கூப்பிட்டுப் பாக்கச் சொல்லு."